திரும்பி வந்த சரக்கு



ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதியில் கழிந்த ஷூவை 'ரிஜெக்ட்' என்று சொல்லி விற்றால் தையல் குறையைப் பார்த்து, விலை பேசி வாங்குகிறோம். அதில் மோசடி இல்லை. மதீனா கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தை ஏன் மறைத்தாய் என்று கண்டித்தது, சொல்லாமல் விற்றதைத்தான்.

மருந்து வேறு. அதைச் சொல்லி விற்றாலும் ஆகாது. காலாவதியானது கடையிலிருந்து திரும்பிப் போய் அழிய வேண்டும். 2010இல் சென்னையில் அப்படி அழிய வேண்டிய மருந்துக்குப் புதுத் தேதி போட்டு விற்றது பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டிலிருந்தும் பொறுக்கியிருக்கிறார்கள்!

ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரை அட்டையை முழுசாக எறியாதீர்கள், வெட்டிப் போடுங்கள். வாங்கும்போது தேதி அழிந்திருந்தாலோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915, தமிழிலேயே பேசலாம்.