கலந்த இசையும் மறைந்த பெயரும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நாம் இசையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். இசைக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அதனை இறுதியில் உணர்வீர்கள்.

பல நாட்டு இசைகளையும் அவை கலந்து பிறந்த இசையையும் ‘உலக இசை’ என்று வழங்குகின்றனர். 1987-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடி, கடைகளில் விற்பனைக்கு வகைப்படுத்துவதற்காகத் தேர்ந்துகொண்ட பெயர் அது. பெயர் புதிது, கலப்போ மிகப் பழையது. கலப்பது குற்றமும் அன்று. ஆயின், கலந்தபின் யார் பெயர் நிலைக்கிறது, யார் பெயர் மறைகிறது என்பதனை நாம் கேட்டாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்றொரு பாடகர் வாழ்ந்தார். சூலு மக்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். கிறித்தவப் பள்ளியில் ஞானப்பாட்டுகளைப் பயின்றவர். இரண்டும் அவர்தம் குரலில் ஒன்றாயின. 1939-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் தம் குழுவினருடன் ‘ம்பூபே’ என்னும் பாடலைப் பதிவு செய்தார். ‘சிங்கம்’ என்பது அச்சொல்லின் பொருள். அதன் உரிமைக்காக அவர் பெற்ற தொகை 10 ஷில்லிங்!

பாடல் கடல் கடந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வீவர்ஸ் குழுவினர் அதனைப் பாடினர். 1961-இல் டோக்கன்ஸ் குழுவினர் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாட, அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1994-இல் ‘தி லயன் கிங்’ திரைப்படத்திலும் ஒலித்தது. லிண்டாவோ 1962-இல் வறுமையில் மறைந்தார். அவர் கல்லறைக்கு ஒரு கல் நாட்டவே 18 ஆண்டுகள் சென்றன.

பின்னர் அக்குடும்பத்திற்கு நீதி கிடைக்க உதவியது எது? சட்ட அறிவு! 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. உரிமையை எழுதிக் கொடுத்தவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தால், அவ்வுரிமை அவருடைய வாரிசுகளைச் சேரும். அதன்படி 1987-இலேயே உரிமை திரும்பியிருக்க வேண்டும். ‘உலக இசை’ என்னும் பெயர் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான்! அவ்விதியைக் கற்றறிந்த வழக்கறிஞர் துணையுடன் 2004-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1987 முதற்கொண்டு உரிய பங்கு லிண்டாவின் மகள்களுக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கிற்கு வெளியே பாடல் பயன்படும்போது தமக்குரிய பங்கை, எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது என்று அது காக்கிறது. இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இளைஞர்களே! பறையும் பாட்டும் நம் முன்னோர் வளர்த்த செல்வம். எந்நாட்டு இசையோடும் அவற்றை அச்சமின்றிக் கலந்து வழங்குவோம். ஆயின், கையெழுத்திடுமுன் முழுவதும் படிப்போம். நம் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்போம். கைந்நாட்டு வைத்த தலைமுறை நம்மைப் பள்ளிக்கு அனுப்பியது, தாம் இழந்ததை நாமும் இழவாதிருக்கவே.