தேசவழமையும் கணினி நிரலும்

யாழ்ப்பாணத்தில் காணி விற்கப் புகுவோர், வாங்கும் முன்னுரிமை எவர்க்குண்டு என்பதை ஆராய்தல் வேண்டும். இவ்வுரிமையைக் கூறும் தேசவழமையை ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பினர். அது 1707ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

அதன்படி, காணி விற்பவர் தம் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும். படிப்போர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். அயற்காணிக்காரராய் இருத்தல் மட்டும் போதுமா? ஈடும் பிடித்திருத்தல் வேண்டுமா? விடை மாறினால் காணி சேரும் கையும் மாறும்.

கணினி நிரல் எழுதுவோரையும் இவ்விடர் சூழ்கிறது. நிரல் என்பது, 'இன்னது உண்டாயின் இன்னது செய்க' எனக் கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி. 'மற்றும்', 'அல்லது' என்னும் இரண்டும் ஒரே வரியிற் கலந்தால், பெரும்பாலான நிரல்மொழிகள் 'மற்றும்' என்பதையே முதலிற் பிணைக்கும். படிக்கும் மனிதரோ வேறுவிதமாய்ப் பிணைத்துப் பொருள் கொள்ளக்கூடும். பிழை அங்கே பிறக்கும்.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள.

முதலாவது, விலக்க வேண்டியதை முகப்பிலேயே விலக்குக. காணி தேசவழமைக்கு உட்படாததாயின், மேலும் வினவாது அங்கேயே முடிக்கலாம். எஞ்சிய வினாக்கள் ஒன்றனுள் ஒன்றாய்ப் புதையாமல் வரிசையாய் நிற்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு நிபந்தனைக்கும் பெயரிடுக. 'பங்காளர்', 'ஈடு பெற்ற அயலவர்' எனத் தனித்தனியே வரையறுத்துவிட்டால், இறுதி வரி சாதாரண வாக்கியம்போல் விளங்கும். பெயரிடும்போதே மேற்கூறிய ஐயத்தையும் தீர்க்க நேரும்.

மூன்றாவது, எதிர்மறைகளை அடுக்காதீர்கள். 'பங்காளருமல்லர், உரித்தாளருமல்லர் என்பது உண்மையன்று' என்பதினும், 'பங்காளர் அல்லது உரித்தாளர்' என்பது தெளிவு. இரண்டும் ஒரே பொருளன என்பதை, 1806இல் மதுரையிற் பிறந்த கணித அறிஞர் டி மோர்கனின் பெயரால் வழங்கும் விதி காட்டுகிறது.

சட்டம் இயற்றியோரும் பின்னர் இந்நெறியிற் சென்றனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னுரிமை உடையோரை இரு வகுப்பினராய்ப் பிரித்து நிறுத்தியது: காணியின் இணையுரிமையாளர், விற்பவர் மரணசாதனம் எழுதாது இறப்பின் உரித்தாளர் ஆவோர். அயலவர் பற்றிய சிக்கல் அதில் இல்லை.

ஆகவே, நிரல் எழுதும் இளைஞர்களே, நீண்ட நிபந்தனையொன்றை எழுதியதும் அதனை அருகிலிருப்பவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே அதனைப் பிரியுங்கள். நாளை அந்நிரலைத் திருத்த வருபவர் நீங்கள் அறியாத ஒருவர். அவரிடம் விளக்கம் கூற நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள்.