தேதி யார் கையில்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரன் எதைப் பேசினாலும் கடைசியில எண்ணூர்லதான் வந்து நிற்பான், பொறுத்துக்கணும்.

நவம்பரில் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். உள்நாட்டுப் போர் நடந்த 1864லும் அதிபர் தேர்தல் நடந்தது. நியூயார்க் மேயர் வேட்பாளர்களைக் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஓட்டுப்பதிவு, 2001 செப்டம்பர் 11 அன்று நடந்துகொண்டிருந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்ததும் நிறுத்தினார்கள். இரண்டே வாரத்தில், 25ஆம் தேதி, நடத்தி முடித்தார்கள். அவங்ககிட்ட கோணல் இல்லையா? நிறைய இருக்கு. 2000லும் 2016லும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போனார்; 538 தேர்வாளர்களில் 270 பேர் யார் பக்கம் என்பதே கணக்கு. ஆனால் எந்த அதிபரும் தன் இஷ்டத்துக்குத் தேதியைத் தள்ள முடியாது.

இப்ப நம்ம ஊர். சென்னை மாநகராட்சி 1688ல் ஏற்பட்டது, இந்தியாவிலேயே பழையது. 1973ல் மஸ்டர் ரோல் ஊழலை அடுத்து மன்றம் கலைந்தது. அடுத்த தேர்தல் 1996ல்! அன்று பிறந்த பிள்ளை நம்ம கல்லூரியில பட்டமே வாங்கிட்டுப் போயிருக்கும். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்தது. இருந்தும் 2016ல் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, வழக்கு, வார்டு மறுவரையறை, கொரோனா என்று இழுத்து, 2022 பிப்ரவரி 19ல்தான் ஓட்டுப் போட்டோம்.

அந்த இடைவெளியில்தான், 2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில ஒதுங்கின எண்ணெயை வாளியில அள்ளினாங்க. கத்திவாக்கம் நகராட்சியை 2011லேயே மாநகராட்சியோடு சேர்த்தாச்சு, அதனால நகராட்சித் தலைவர் கிடையாது. மன்றம் இல்லாததால கவுன்சிலரும் கிடையாது. இருந்தது தனி அலுவலர். கவுன்சிலர் இருந்தா எண்ணெய் வராதா? வரும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் வந்து வலையையும் படகையும் நாசமாக்கிச்சு. ஆனா அப்போ மன்றத்துல எழுந்து கேட்க எங்க வார்டுக்கு ஒரு ஆள் இருந்தார்.

கேட்கத்தான் முடியும், அது வேற விஷயம். நிர்வாகம் ஆணையர் கையில். அவரை நியமிப்பது மாநில அரசு. அமெரிக்காவிலும் பல நகரங்களில் ‘சிட்டி மேனேஜர்’ என்று ஓர் அதிகாரிதான் ஊரை நடத்துகிறார். அவரை வேலைக்கு வைப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அந்த ஊர் மன்றம்.

2022 மார்ச்சில் பதவியேற்ற நம் மன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு. தம்பிகளே, தங்கைகளே, காலண்டர்ல குறிச்சுக்குங்க.