வீட்டிலிருந்தே பட்டப்படிப்பு: பணம் கட்டுமுன் சில சொற்கள்

யூபிலி ஆண்டையொட்டி நடந்த பெற்றோர்–இளையோர் கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "சாமி, பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள், பிரசங்கம் மாத்திரம் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகையால் இன்று பிரசங்கம் இல்லை. கடந்த இரண்டு மூன்று வருடங்களாகப் பங்குமனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் ஒரு காரியத்தைப் பற்றியே பேசப்போகிறேன். "ஃபாதர், வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி வாங்க முடியுமா? போனிலேயே படிக்கலாம் என்கிறார்களே, அது செல்லுமா? அதற்கு உதவித்தொகை கிடைக்குமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கேள்வி ஏன் எழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் போய் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகும் கம்பெனி பஸ்களில் நம் பங்குப் பிள்ளைகள் எத்தனை பேர் ஏறுகிறார்கள்! பிளஸ் டூ முடித்த கையோடு போனவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு போனவர்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்கு வருகிறது, தங்கைக்கு ஃபீஸ் கட்டப்படுகிறது, நல்லதுதான். ஆனால் காண்ட்ராக்ட் முடிந்து வேறு இடம் தேடும்போது, அல்லது லைனில் நிற்பவர் சூபர்வைசர் ஆக ஆசைப்படும்போது, "டிகிரி இருக்கிறதா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பாங்கு கிளார்க்குத் தேர்வானாலும் சரி, தேர்வாணையத்தின் குரூப் டூ ஆனாலும் சரி, பட்டம் இல்லாதவர் விண்ணப்பமே போட முடியாது.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். கல்லூரிக்குப் போகாமல் வாங்கும் பட்டம் இரண்டாந்தரம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். லண்டன் பல்கலைக்கழகம் வெளியூர் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1858இல். நெல்சன் மண்டேலா தம்முடைய பி.ஏ. பட்டத்தைத் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகப் படித்து 1943இல் வாங்கினார். நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் இந்த முறையைத் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981இல் வந்தது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது நீங்கள் இக்னோ என்று சொல்வது, 1985இல். சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல். குருமாணவர்களிலும் பலர் தத்துவ இயல் படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதினோம். பழுப்புக் காகித உறையில் பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். உறையைப் பிரிக்க நேரமில்லாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தவர்களும் எங்களில் உண்டு.

இன்று உறைக்குப் பதில் கைப்பேசி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, தொலைநிலைப் படிப்பு என்றும் இணையவழிப் படிப்பு என்றும் இரண்டு வகை உண்டு. முன்னதில் அச்சிட்ட பாடமும், சில நாள் நேர்வகுப்பும், மையத்தில் தேர்வும் இருக்கும். பின்னதில் பாடம் முழுவதும் இணையத்தில் நடக்கும். உரிய அனுமதி பெற்ற கல்வி நிறுவனம் இவ்விரு வழிகளிலும் கொடுக்கும் பட்டம், கல்லூரியில் உட்கார்ந்து படித்த பட்டத்துக்குச் சமமானதே என்று அதே குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தும் இருக்கிறது.

"உரிய அனுமதி பெற்ற" என்று சொன்னேனே, நம் பிள்ளைகள் சறுக்கி விழுவது அங்கேதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. மகள் கம்பெனியில் வேலை செய்கிறவள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு "ஸ்டடி சென்டர்" போயிருக்கிறாள். "மூன்று வருட டிகிரி, ஒரே வருடத்தில். பரீட்சைக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். தாயின் வளையலை அடகு வைத்து ஐம்பதாயிரம் கட்டினார்கள். பட்டமும் வந்தது, எங்கோ வடக்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், பொன்னெழுத்து, ஒட்டுமுத்திரை, எல்லாம் இருந்தன. புது வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனிக்காரர்கள் சான்றிதழைச் சரிபார்த்தார்கள். அதில் கண்டிருந்த முதலாம் ஆண்டுத் தேர்வுத் தேதியில் அந்தப் பெண் நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்! வேலை போயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அந்தக் கடையே இல்லை. அந்தத் தாய் என் எதிரில் உட்கார்ந்து அழுதது பணத்துக்காக மாத்திரம் அல்ல. "என் பிள்ளை திருட்டுத்தனம் செய்ததாக அவர்கள் பேசிவிட்டார்கள், சாமி" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகவே பணம் கட்டுமுன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாய்க் கேளுங்கள். மானியக் குழுவில் தொலைநிலைக் கல்விக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்தை, எந்த வழியில், எந்த வருடத்தில் நடத்தலாம் என்ற பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையா என்று பார்த்தால் போதாது. பல்கலைக்கழகம் உண்மையாக இருக்கும். நீங்கள் சேரும் பாடத்துக்கு அனுமதி இராது. போன வருடம் இருந்திருக்கும். இந்த வருடம் புதுப்பித்திருக்க மாட்டார்கள். நம் மாநிலத்திலேயே புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளைப் பற்றி 2022இல் மானியக் குழு எச்சரிக்கை விட்டபோது, எத்தனை வீடுகளில் தூக்கம் போயிற்று என்பது ஆசிரியர்களாய் இருக்கும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

2024 முதல், இப்படிப் படிப்பவர்கள் சேருமுன் அந்தப் பிரிவின் தளத்தில் தம் பெயரைப் பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் நீங்களே பதியலாம். அதற்குத் தரகர் வேண்டாம். அந்த எண்ணைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இஞ்சினீயரிங், நர்ஸிங், பார்மஸி, சட்டம் இவற்றில் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்த அனுமதியே கிடையாது. "வீட்டிலிருந்தே நர்ஸிங் டிகிரி" என்று விளம்பரம் கண்டால் மேற்கொண்டு விசாரிக்கவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது வரிசை. பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் டூ, பிறகு பட்டம். பதினெட்டு வயது நிரம்பியவர் பிளஸ் டூ இல்லாமலே ஓர் ஆயத்தப் படிப்பு எழுதிவிட்டு பி.ஏ.யில் சேர, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வழி வைத்தன. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் 2009இல், முதல் பட்டம் இல்லாமலே திறந்தவெளி முறையில் முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருவரின் பதவி பற்றிய வழக்கில், மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைப் படிப்பையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து, பன்னிரண்டு என்ற வரிசைப்படி வராத திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று தமிழக அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. அலுவலக உதவியாளராக இருந்துகொண்டு, இரவில் கண்விழித்துப் படித்துப் பட்டம் வாங்கி, கடைசியில் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் அநேகர். அறிவு வீண்போகாது என்று அவர்களுக்கு ஆறுதல் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஆகையால் பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடியுங்கள். இரண்டு வருடம் கூடுதலாய்ப் போகும், போகட்டும். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர்களின் விஷயம் வேறு. அவர்கள் தனியாக வந்து கேளுங்கள்.

இனிப் பணத்தைப் பற்றி. தமிழ்நாடு திறந்தநிலையிலும் இக்னோவிலும் பி.ஏ., பி.காம். போன்றவற்றுக்கு வருடக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். ஒரு கம்பெனித் தொழிலாளி ஓவர்டைம் பார்த்துக் கட்டிவிடக்கூடியது. இதிலே பெரிய உதவி தேவைப்படும் படிப்பு, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டம். அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டியதில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலேயே ஒரு தகுதித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடம் வீட்டில்; தேர்வு நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். கட்டணம் லட்சக் கணக்கில் போகும் என்றாலும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பாதி முதல் முக்கால் பங்கு வரை கட்டணச் சலுகையும் தருகிறார்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த நிலைக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. படிப்பு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் பயம் உள்ளவர்கள் தமிழிலேயே நடக்கும் பி.காம்.மோ பி.ஏ.வோ எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அரசு உதவித்தொகையைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான உதவித்தொகைகள் தினமும் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கே. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும் தொலைநிலை மாணவிகளைச் சேர்க்கவில்லை. ஆனால் பட்டியல் இனத்தவருக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகையின் நடுவண் அரசு விதிகளில் அஞ்சல் வழியில் படிப்போருக்கும் கட்டணத்தைத் திருப்பித்தர இடம் வைத்திருக்கிறார்கள்.

இங்கே நம் மக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையினால், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் நடுவண் அரசின் பட்டியலில் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் என்றே நமக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த வருத்தத்தைப் பேச இது சமயமல்ல. ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, கல்வி உதவித்தொகைக்கு "கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று நம்மையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மிகாதிருக்க வேண்டும் என்பதே அதன் வழக்கமான நிபந்தனை. "நமக்குத்தான் கிடையாதே" என்று விண்ணப்பம் போடாமலே இருந்துவிடும் குடும்பங்களை இந்தப் பங்கிலேயே நான் பார்க்கிறேன். இந்த விண்ணப்பம் கல்வி நிறுவனம் வழியாகவே போக வேண்டும். எனவே சேரும்போதே, "என் உதவித்தொகை விண்ணப்பத்தை நீங்கள் அனுப்புவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்; கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் நின்று பயனில்லை.

சான்றிதழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2015 டிசம்பரில் நம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை முழுவதும் தண்ணீர் புகுந்தபோது, உங்கள் உறவினர் எத்தனை பேர் மதிப்பெண் பட்டியலைப் பறிகொடுத்தார்கள்? அரசு தனி முகாம் வைத்து நகல் கொடுத்தது. இப்போது டிஜிலாக்கர் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ்களை அதில் சேர்த்து வையுங்கள். டிரங்குப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

சேருவதைவிட முடிப்பது கடினம். இக்னோவில் ஒப்படைப்புக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்தால்தான் ஜூனிலோ டிசம்பரிலோ தேர்வு எழுத முடியும். வேலை முடிந்து வந்த பெண் மறுபடியும் சமையல், துணி, தண்ணீர் என்று நின்றால் அதை எப்போது எழுதுவாள்? தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பையன் படித்தால் டீ போட்டுக் கொடுக்கிறோம். மருமகள் புத்தகத்தை எடுத்தால் முகம் சுளிக்கிறோம். நாற்பது வயதுத் தாய்க்கும் இந்தப் படிப்பில் இடம் உண்டு. வயது உச்சவரம்பு இல்லை.

பங்குப் பேரவையில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கோயிலை ஒட்டிய மறைக்கல்வி அறை வாரநாட்களில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்திருக்கும். மின்விசிறி, மேசை, இணைய வசதி உண்டு; சத்தம் இராது. நைட் ஷிப்டு பார்ப்பவர்கள் காலையில் சாவியைப் பங்குமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் வருடக் கட்டணத்துக்கு வழியில்லாதவர்களின் விண்ணப்பத்தை வின்சென்ட் தே பவுல் சபையார் பார்த்து உதவுவார்கள். எந்தப் பங்கு, எந்தச் சாதி என்று கேட்க மாட்டார்கள். அனுமதிப் பட்டியலில் அந்தப் பாடம் இருக்கும் பக்கத்தின் அச்சுப் பிரதியை மாத்திரம் கேட்பார்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஆசிரியர்கள் இருவர் அந்த அறையில் இருப்பார்கள். எங்கேயாவது முன்பணம் கட்டச் சொல்லித் தேதி கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்கு முந்தின ஞாயிறே நோட்டீஸையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.