வேட்பாளரின் இரண்டாவது அறிக்கை

(வாக்காளர் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் வந்தால் உங்கள் வீட்டுக் கதவில் ஓர் அறிக்கை செருகப்படும். வேட்பாளர் சிரித்துக் கொண்டிருப்பார். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், வீட்டுமனை, அடையாள அட்டை எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியவரை எந்தச் சட்டமும் கேள்வி கேட்காது. அதே வேட்பாளர் இன்னோர் அறிக்கையும் தர வேண்டும். அது அவருடைய செலவுக் கணக்கு. அதில் பொய் சொன்னால் குற்றம், தராமல் விட்டாலும் குற்றம். நாமோ முதல் அறிக்கையை வைத்துக் கொண்டு சண்டை போடுகிறோம். இரண்டாவதை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம், 19ஆம் பிரிவு. சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம். தேர்தலுக்கு முன்னாலோ, நடக்கும்போதோ, முடிந்த பின்னாலோ, அந்தத் தேர்தலுக்காகச் செலவழித்தது எல்லாம் இதில் அடங்கும். 2023 ஆகஸ்டு 12இல் சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலான், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய 6 மாநிலங்களில் 245 சட்டமன்றத் தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் இதே வரம்புதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலான தொகுதிக்கும் கிராமப்புறத்தின் சிறு தொகுதிக்கும் ஒரே அளவு.

இந்த வரம்பு யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். வேட்பாளரையும் அவருடைய தேர்தல் முகவரையும் கட்டுகிறது. கட்சியைக் கட்டவில்லை. கட்சி நாடெங்கும் கொடி கட்டினாலும், முழுப்பக்க விளம்பரம் கொடுத்தாலும், பெரிய மேடை போட்டாலும் அதற்கு உச்சவரம்பு கிடையாது. பிரச்சார நாட்களில் அமைச்சர் ஒருவர் வந்து, "இந்தப் பள்ளிக்கு இவ்வளவு மானியம்" என்று அறிவித்துவிட்டுப் போனால், அந்தத் தொகை எந்த வேட்பாளரின் கணக்கிலும் ஏறுவதில்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் இந்த நாடகத்தை எத்தனை முறை பார்த்துவிட்டன! அது நம் வரிப்பணம், எந்த நாளிலும் நமக்கு வர வேண்டிய பணம். அதற்காகக் கைகூப்பி நிற்கப் பழக்கிவிட்டார்கள்.

விருந்து வைப்பதும் அன்பளிப்பு கொடுப்பதும் வேறு கதை. ஓட்டுக்காகச் சாப்பாடு போட்டால் 8ஆம் பிரிவு, பணமோ பொருளோ கொடுத்தால் 10ஆம் பிரிவு. வாங்குகிறவரையும் சட்டம் சேர்த்தே பிடிக்கும். தோட்ட வரிசை வீட்டில் அரிசி மூட்டை இறங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

நம்மில் சிலர் சுயேச்சையாக நிற்க நினைக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் சட்டமன்றத்துக்கு நிற்க வைப்புத்தொகை 5,000 ரிங்கிட், பிரச்சாரப் பொருள்களுக்கு 3,000 ரிங்கிட், ஆக 8,000. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் 5,000 போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: தோற்றவரும் கணக்குக் காட்ட வேண்டும். முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் மாநிலத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கு போய்ச் சேர வேண்டும். தவறினால் அரசியலமைப்பின்படி 5 ஆண்டுகள் வரை தகுதி இழப்பு. 48ஆம் விதி நாடாளுமன்றத்துக்குச் சொல்வதை எட்டாவது அட்டவணை சட்டமன்றங்களுக்கும் சொல்கிறது. முகவராக இருந்தவருக்கும் அதே கதிதான். பெரிய கட்சிக்குக் கணக்கர் இருப்பார், வழக்கறிஞர் இருப்பார். லோரி டிரைவராக இருந்து, தாலியை அடகு வைத்து நின்ற நம் ஆள், "தோற்றுவிட்டோம், முடிந்தது" என்று வேலைக்குப் போய்விடுவார். அடுத்த தேர்தலில் வேட்புமனு நாளன்று வாசலிலேயே அவரை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே பதாகை அச்சடித்த ரசீது, ஒலிபெருக்கி வாடகை, பெட்ரோல் சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள். உங்களுக்காக நண்பர் யாரேனும் செலவழிக்க விரும்பினால், முகவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விடாதீர்கள்.

நிற்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வந்து சேர்ந்த கணக்குகளைப் பொதுமக்கள் யாரும் பார்வையிடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சிறு கட்டணம் கட்டினால் போதும், குறிப்பும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் அறிவிப்பு அரசிதழில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தொகுதி முழுக்க நீங்கள் எண்ணிய பதாகைகளும், பார்த்த மேடைகளும், சாப்பிட்ட பந்திகளும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு வழக்கறிஞர் வேண்டாம். தொகுதிக்கு இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கேமரா போதும். பிரச்சாரம் தொடங்கும் நாளிலேயே எண்ண ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்றால் வாக்களிப்பு முடிந்த மறுநாளே பதாகைகளைக் கழற்றிவிடுவார்கள்.

வேலைக்கு விடுப்பு எடுத்துப் போக முடியாதவர்கள், போகக் கூடியவர் ஒருவரை இப்போதே தேர்ந்தெடுத்து வையுங்கள்.