தூசுக்குள் ஒளிந்த குவாசர்

கேம்பிரிட்ஜ் வானியலாளர்கள் 1959-ல் ரேடியோ வானத்துக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 3சி என்று பெயர். அதில் குவாசர்களும் உண்டு, ரேடியோ கேலக்ஸிகளும் உண்டு. குவாசரின் நடு கண்ணைப் பறிக்கும். ரேடியோ கேலக்ஸியின் நடுவில் அந்தப் பிரகாசம் இருக்காது. ஆனால் இரண்டிலிருந்தும் ஒரே மாதிரி தாரைகள் சீறிப் பாய்கின்றன.

இரண்டும் ஒன்றேதான், நாம் பார்க்கும் கோணம்தான் வேறு என்று 1989-ல் வாதிட்டார் நெதர்லாந்தின் பீட்டர் பார்த்தெல். இரண்டின் நடுவிலும் உள்ள கருந்துளையைச் சுற்றி உளுந்து வடை போலத் தூசு வளையம். வடையின் துளை வழியே எட்டிப் பார்த்தால் குவாசர். பக்கவாட்டில் பார்த்தால் தூசு மறைத்துவிடும்.

மறைக்கிற அந்தத் தூசே சாட்சியும் சொல்கிறது. விழுங்கிய ஒளியை அது வெப்பமாக, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. கருந்துளையை நெருங்கிய தூசு சுமார் 1,500 கெல்வினில் ஆவியாகிவிடும். வளையத்தின் உட்சுவர் அந்த எல்லையில்தான் தொடங்குகிறது.

அகச்சிவப்பில் பார்த்த ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2003-ல் ஏவப்பட்டது. கண்ணாடி வெறும் 85 சென்டிமீட்டர்தான், ஆனால் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டது. 2005-ல் அது 3சி 249.1, 3சி 351 என்ற இரு குவாசர்களின் நிறமாலையில் 10, 18 மைக்ரான் அருகே இரண்டு மேடுகளைக் காட்டியது. கவனியுங்கள், அந்த மேடுகளைத் தருவது சிலிக்கேட், நம் ஆற்று மணலின் உறவுக்காரப் பொருள்! சூடான உட்சுவர் நேரடியாகத் தெரிந்தால் மேடு வரும். பல ரேடியோ கேலக்ஸிகளிலோ 10 மைக்ரானில் பள்ளம்: வெளியே இருக்கும் குளிர்ந்த தூசு அந்த ஒளியை உறிஞ்சிவிடுகிறது. பார்த்தெல் சொன்ன கோணக் கணக்கு இப்படி மேடும் பள்ளமுமாகக் கண்முன் வந்து நின்றது எவ்வளவு அழகு!

எல்லா ரேடியோ கேலக்ஸியும் இந்தக் கணக்கில் அடங்காது. சிலவற்றில் அகச்சிவப்பு மிகவும் மங்கல். அங்கே மறைந்திருக்கும் குவாசரே இல்லை எனலாம். இன்னொரு சிக்கல்: தாரை நம்மை நோக்கியிருந்தால் தாரையின் ஒளியும் அகச்சிவப்பில் கலந்துவிடும், அதைப் பிரித்தாக வேண்டும்.

2019-ல் நியூ மெக்சிகோவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி, சிக்னஸ் ஏ கேலக்ஸியின் நடுவே பார்த்தெல் சொன்னது போன்ற ஒரு வளையத்தைப் படமெடுத்தது. குறுக்களவு சுமார் 1,700 ஒளியாண்டு.

ஒரு குவாசரை நீங்களும் பார்க்கலாம். 3சி 273 குவாசர் கன்னி ராசி விண்மீன்களிடையே இருக்கிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், ஏப்ரல் இரவொன்றில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். சிறு புள்ளியாக அது தெரியும்.