சிங்கம்பட்டிக் காடும் பம்பாய்க் கம்பெனியும்



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம்மில் பலருக்கு நெல்லைச் சீமைதான் தாய்மண். ஆடி அமாவாசைக்கு லீவு போட்டு, ரயிலேறிச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போய் வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கோவில் இருக்கிற காட்டைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கதையின் மறுமுனை இந்த மும்பையில் இருக்கிறது.

அந்தக் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. எதை வெட்டலாம், யார் நுழையலாம் என்பதெல்லாம் அரண்மனையின் சொல். 1929இல் மாஞ்சோலை மலையில் சுமார் 8,373 ஏக்கரை ஜமீன்தார் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். யாருக்கு? 1863இல் தொடங்கி, பர்மாத் தேக்கில் கொழுத்த பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு! ஜமீனின் வழக்குச் செலவுக்காக என்று ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவானால் என்ன? மலையடிவாரத்து மக்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் காட்டைத் திருத்தி, மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலை நட்டது அந்த மக்கள்தான்.

1952இல் ஜமீன் போயிற்று. நிலம் அரசின் கைக்கு வந்தது. குத்தகை மட்டும் போகவில்லை. ஒரு போகம் பொய்த்தால் குடியானவன் குத்தகை பறிபோகும். கம்பெனிக் குத்தகையோ ஜமீன் ஒழிந்த பிறகும் நிற்கும்!

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்த எஸ்டேட்டுகளின் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டார்கள், சிறைப்பட்டவர்களை விடுதலை செய்யக் கேட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலகம் நோக்கிச் சென்ற அந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று சின்னஞ்சிறு குழந்தை.

அந்த மலைத்தொடரில் 1988இலேயே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்துவிட்டது. 2018இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிவது 2028 பிப்ரவரியில். கம்பெனியோ விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டி, 2024 ஜூனிலேயே வேலையை நிறுத்தியது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

காடு மீண்டும் காடாக வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்! அந்த மலையின் மழைதான் தாமிரபரணி. அதுதான் நம் ஊர் வயலுக்குத் தண்ணீர். புலி இருக்கட்டும், மரம் வளரட்டும். ஆனால் கணக்கை நேராகப் போடுங்கள். லயன் வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். நான்கு தலைமுறை உழைத்தவனுக்கு அங்கே ஒரு சென்ட் மண் கிடையாது. மலையை விட்டு இறங்கியபின், பிறந்த இடத்தைப் பார்க்க நினைத்தால் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் சுற்றுலாக்காரனைப்போல் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான். ஜமீன் முடிவு செய்தது, கம்பெனி முடிவு செய்தது, சர்க்கார் முடிவு செய்தது. தேயிலை பறித்த பெண்ணை எந்த மேசைக்கு அழைத்தார்கள்?

தாராவிச் சீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முந்திய சான்று கேட்கிற காலத்தில், தாள் இல்லாதவன் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. ஆகவே, மாஞ்சோலையில் உறவுள்ள குடும்பங்கள் இன்றிரவே ஊருக்குப் போன் போடுங்கள். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எதையும் லயன் வீட்டில் விட்டுவிட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நகல் ஒன்றை நம் சங்கத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.